'வழுக்கி விழுந்தார்' என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயதானவர் யார் விழுந்தாலும், பெரிய தலைவராக இருந்தாலும் சரி, சாதாரண ஆளாக இருந்தாலும் சரி, பத்திரிகைகளில் வருவது ஒரே வரிதான்: 'குளியலறையில் வழுக்கி விழுந்தார்'. அந்த 'வழுக்கி'யைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அரசு மருத்துவமனையில் 30 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது 6 வருடமாக ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன், பெரும்பாலும் நைட் டூட்டி. நான் தரையிலிருந்து தூக்கி உட்கார வைத்தவர்களில் உண்மையிலேயே வழுக்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் எழுந்து நின்றதும் தலை கிறுகிறுத்து விழுந்தவர்கள், தொடையில் வலு இல்லாமல் விழுந்தவர்கள், அடக்க முடியாமல் அவசரமாகப் போய் விழுந்தவர்கள். வழுக்கி என்று எழுதிவிட்டால் பழி தரையோடு போய்விடுகிறது, டைல்ஸை மாற்றிவிட்டு எல்லோரும் நிம்மதியாகி விடுகிறோம்.

என் கதையையே சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால், விடியற்காலை 4.30 இருக்கும். 82 வயது ஐயா ஒருவர், மில்லில் வேலை பார்த்தவர், மணி அடித்தார். எனக்குக் கேட்டது. அடுத்த அறையில் ஒரு அம்மாவுக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தேன், அவரை ஒருக்களித்துச் சாய்த்து ஒரு கையால் தாங்கிக்கொண்டு இன்னொரு கையில் அழுக்குத் துணி, விட்டுவிட்டு ஓட முடியாது. அன்றைக்கு 28 பேருக்கு நானும் ஒரு ஆயாவும்தான், ஆயா கீழ்த்தளத்தில். மறுபடி மணி அடித்தது. அப்புறம் மணி இல்லை, 'தொம்' என்று சத்தம்தான். போய்ப் பார்த்தால் கட்டிலுக்கும் பாத்ரூம் கதவுக்கும் நடுவில் ஒருபக்கமாகக் கிடக்கிறார், வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கிறது, அந்தக் கால் மற்றக் காலைவிடக் கட்டையாகத் தெரிகிறது. அதைப் பார்த்தால் போதும், இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது என்று எக்ஸ்ரே எடுக்காமலே எங்களுக்குத் தெரிந்துவிடும். தரை காய்ந்துதான் இருந்தது. வேட்டிதான் நனைந்திருந்தது. "மணி அடிச்சேன், நீ வேலையா இருக்கியாட்ட இருக்குதுன்னு நானே எந்திரிச்சுட்டேன் கண்ணு" என்றார். வலியில் முகம் வெளுத்துப்போன மனுசன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார்.

இடுப்பில் ராடு வைத்தார்கள். மருத்துவமனை வராந்தாவில் மகன் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரியில கட்டிலோட சேர்த்துக் கட்டிப் போட்டிருக்கலாமே சிஸ்டர்?" கோபப்படவில்லை, பாதிக் குடும்பங்கள் இதையே கேட்கின்றன. ஆனால் கட்டிப் போட்டவர்கள் விழாமல் இருப்பதில்லை. அவிழ்க்கப் பார்ப்பார்கள், கட்டிலின் பக்கக் கம்பியைத் தாண்டிக் குதிப்பார்கள், அப்படி விழுந்தால் இன்னும் உயரத்திலிருந்து விழுவார்கள். பத்து நாள் கட்டிக் கிடந்தால் காலில் இருக்கிற கொஞ்ச நஞ்ச வலுவும் போய்விடும். அமெரிக்காவில் 1987-லேயே முதியோர் பராமரிப்பு இல்லங்களில் ஊழியர்களின் வசதிக்காக ஆட்களைக் கட்டி வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். இங்கே இன்னும் பழைய வேட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அந்த வராந்தாவில்தான் இன்னொன்றும் தெரிந்தது. ஐயா வீட்டில் இருக்கும்போதே இரண்டு முறை விழுந்திருக்கிறார். சேர்க்கும்போது சொல்லவில்லை, சொன்னால் எடுக்க மாட்டோம் என்று பயம். தயவு செய்து மறைக்காதீர்கள். ஒருவர் விழ எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பெண் போட்டுப் பார்க்க செவிலியர்கள் பல நாடுகளில் பயன்படுத்தும் மோர்ஸ் அளவுகோலில் முதல் கேள்வியே 'சமீபத்தில் விழுந்திருக்கிறாரா' என்பதுதான், ஆமாம் என்றால் அதற்கு மட்டும் 25 மதிப்பெண். ஒருமுறை விழுந்தவர்தான் மறுபடி விழ அதிக வாய்ப்புள்ளவர். அது தெரிந்திருந்தால் ஐயாவுக்கு நடைபாதைக் கடைசி அறையைக் கொடுத்திருக்க மாட்டோம், எங்கள் மேஜைக்குப் பக்கத்திலேயே போட்டிருப்போம்.

எங்கள் பக்கமும் தப்பு இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஐயாவுக்கு கால் வீக்கத்துக்கு லேசிக்ஸ் மாத்திரை, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. சாயங்கால மாத்திரையை இரவுச் சாப்பாட்டோடு 8 மணிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம், எல்லோருக்கும் ஒரே சுற்றில் மாத்திரை கொடுத்தால் எங்களுக்குச் சுலபம். லேசிக்ஸ் போட்டால் ஆறு மணி நேரத்துக்கு நீர் பிரிந்துகொண்டே இருக்கும். அதோடு 9 மணிக்குத் தூக்க மாத்திரை. ஒரு மாத்திரை எழுப்புகிறது, இன்னொன்று தள்ளாட வைக்கிறது. அந்த மனுசன் எங்கே நேராக நடப்பது? மருத்துவரைக் கேட்டு இரண்டாவது லேசிக்ஸை மதியம் 2 மணிக்கு மாற்றினோம், தூக்க மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். நின்றால் பிரஷர் இறங்குகிறதா என்று யாரும் அதுவரை பார்த்ததும் இல்லை. படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை பார்க்க வேண்டும், மேல் அளவு 20 குறைந்தால் அவர் எழுந்ததும் விழக்கூடியவர். இதற்குப் பைசா செலவில்லை, எல்லா இல்லத்திலும் பி.பி. மிஷின் இருக்கிறது.

அதன் பிறகு ஒரு நோட்டுப் போட்டோம். யார் விழுந்தாலும் எத்தனை மணி, எங்கே போக எழுந்தார், காலில் என்ன போட்டிருந்தார், கடைசியாக என்ன மாத்திரை என்று எழுதுவோம். சில மாதம் புரட்டிப் பார்த்தபோது பெரும்பாலும் விடியற்காலை, பெரும்பாலும் பாத்ரூம் போகிற வழி. எனவே விழக்கூடியவர்கள் என்று தெரிந்த எட்டுப் பேரை மட்டும் 10 மணி, 2 மணி, 5 மணிக்கு அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே நாங்களே எழுப்பிக் கூட்டிப் போகிறோம். இதற்காக இரவில் இன்னொரு ஆள் போடச் சொல்லி நிர்வாகத்தோடு நான் போட்ட சண்டை தனிக் கதை.

அப்பாவைச் சேர்க்க இல்லத்தைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேமரா இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கேமரா விழுந்ததைக் காட்டும், பிடிக்காது. கட்டிலை விட்டு எழுந்தால் கத்துகிற அலாரமும் அப்படித்தான், அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் நடந்து 2012-ல் வெளிவந்த ஆய்வில் அலாரம் கூடியதே தவிர விழுவது குறையவில்லை. ஓடி வர ஆள் வேண்டுமே. இரவில் எத்தனை முதியவர்களுக்கு எத்தனை ஊழியர்கள் என்று கேளுங்கள். இத்தனை வருடத்தில் என்னிடம் அதைக் கேட்டவர் ஒரே ஒரு பெண்தான்.

சாப்பாட்டையும் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் 60 முதியோர் இல்லங்களில், 7,000 பேருக்கு மேல் வைத்து இரண்டு வருடம் நடத்திய ஆய்வு 2021-ல் வந்தது. பாதி இல்லங்களில் பால், தயிர், சீஸ் மட்டும் கூட்டிக் கொடுத்தார்கள். அங்கே இடுப்பு எலும்பு முறிவு 46 சதவீதம் குறைந்தது, விழுவதே 11 சதவீதம் குறைந்தது. நம் இல்லங்களில் இரவுக்கு ரவைக் கஞ்சியும், மோர் என்று சொல்லி ஒரு டம்ளர் வெள்ளைத் தண்ணீரும்!

டவல் ராடைப் பிடித்து எழுந்திருக்க விடாதீர்கள், அது கையோடு வந்துவிடும். குளிக்க உட்கார பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், சோப்புத் தண்ணீரில் கால் விரிந்துகொள்ளும். பிறந்த நாளுக்கு அம்மாவுக்கு நைட்டி வாங்கினால் கணுக்கால் தெரிகிற உயரத்தில் வாங்குங்கள்.

அந்த ஐயா இன்னும் எங்களோடுதான் இருக்கிறார், மேஜைக்குப் பக்கத்து அறையில். இரண்டு மணிக்கு எழுப்பினால் "ஒண்ணுக்கு வர்லீன்னாலும் உட மாட்டீங்களா" என்று திட்டுவார். திட்டிக்கொண்டே வாக்கரை இழுத்துப் பிடித்து எழுந்து, ஒரு நிமிடம் நின்று, நடப்பார். போய் உட்கார்ந்தால் வராமலும் இருந்ததில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம்)
கோவை