ஃப்ளோ அறிக்கை எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆய்வகங்களில் ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களில் உள்ள புரத அடையாளங்களை லேசர் ஒளியில் அளக்கும் சோதனை) அறிக்கை எழுதும் நோய்க்குறியியல் நண்பர்களுக்கு,

வணக்கம். லுக்கேமியா (ரத்தப் புற்றுநோய்) நோயாளிகளுக்கு மருந்து எழுதுகிற தரப்பிலிருந்து இதை எழுதுகிறேன். உங்களிடமிருந்து வரும் அறிக்கைகளில் பல இரண்டே வரியில் முடிந்துவிடுகின்றன: "சிடி19, சிடி10, சிடி34 பாசிட்டிவ். பி-செல் ஏஎல்எல்." சிடி எண்கள் செல்லில் உள்ள புரத அடையாளங்களின், அதாவது மார்க்கர்களின், பெயர்கள்; ஏஎல்எல் என்பது லிம்ஃபாய்டு வகை தீவிர லுக்கேமியா. நோயின் பெயர் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது. அந்தப் பெயருக்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்பதுதான் காகிதத்தில் இல்லை. எதெல்லாம் நெகட்டிவ், பாசிட்டிவ் என்றால் எவ்வளவு அழுத்தமாக, எந்த செல்களில் பார்த்தது என்ற மூன்றும் எங்களுக்கு வேண்டும்.

ஏன் இவ்வளவு அடம் பிடிக்கிறேன் என்று கேட்கலாம். பிளாஸ்ட் எனப்படும் முதிராத செல்லை மைக்ரோஸ்கோப்பில் மட்டும் பார்த்து அது எந்த வம்சம் (மைலாய்டா, பி-செல்லா, டி-செல்லா) என்று சொல்வது பல சமயம் நடக்காத காரியம். 1976-ல் வந்த ஃபேப் (பிரெஞ்சு-அமெரிக்க-பிரிட்டிஷ்) லுக்கேமியா வகைப்பாடு செல்லின் தோற்றத்தையும் சாயங்களையும் நம்பி இருந்தது. துகள் இல்லாத, சாயமும் ஏறாத மைலாய்டு பிளாஸ்டும் லிம்ஃபோபிளாஸ்டும் (பி, டி வம்சங்களின் பிளாஸ்ட்) ஸ்லைடில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும். ஆனால் இரண்டுக்கும் சிகிச்சை வேறு. 1975-ல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே இலக்கைப் பற்றும் ஆன்டிபாடிகளை வேண்டிய அளவு தயாரிக்க வழி கண்டார்கள். 1982-ல் பாரிஸில் கூடிய ஆய்வாளர்கள் அந்த ஆன்டிபாடிகள் பற்றும் மார்க்கர்களுக்கு எண் கொடுக்கும் சிடி முறையைத் தொடங்கி வைத்தார்கள். செல்லின் பிறப்பிடத்தை நம்பிக்கையோடு சொல்ல முடிந்தது அதற்கு அப்புறம்தான்.

ஆனால் ஒற்றை மார்க்கரை நம்பினால் மாட்டிக்கொள்வோம். சிடி7 டி-செல்லுக்கு உரியது என்று படித்திருக்கிறோம். ஏஎம்எல் (மைலாய்டு வகை தீவிர லுக்கேமியா) பிளாஸ்டுகளிலும் அது வரும். சிடி13-ம் சிடி33-ம் மைலாய்டு மார்க்கர்கள். பி-ஏஎல்எல்லிலும் எட்டிப் பார்க்கும். 8-ஆம் குரோமோசோமும் 21-ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்ட ஏஎம்எல்லில் சிடி19 அடிக்கடி தென்படும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 2008 வகைப்பாடு, இரு வம்சமும் கலந்த லுக்கேமியாவை முடிவு செய்யக் கறாரான விதி வைத்தது. மைலாய்டு என்றால் எம்பிஓ (மைலாய்டு செல்களின் நொதி), அல்லது மோனோசைட் அடையாளங்கள். டி-செல் என்றால் சிடி3. பி-செல்லுக்கு அப்படி ஒற்றைச் சாட்சி கிடையாது: சிடி19 அழுத்தமாக இருந்தால் சிடி79ஏ, சிடி22, சிடி10 இவற்றில் ஒன்றாவது அழுத்தமாக இருக்க வேண்டும், சிடி19 மங்கல் என்றால் இவற்றில் குறைந்தது இரண்டு அழுத்தமாக இருக்க வேண்டும். அழுத்தமே எழுதாத அறிக்கையில் இந்த விதியை எப்படிப் போட்டுப் பார்ப்பது?

சிடி3 விஷயம் இன்னும் மோசம். "சிடி3 20% பாசிட்டிவ்" என்று வருகிறது. செல்லின் மேற்பரப்பிலா, உள்ளேயா? பிளாஸ்டுகளிலா, கூட வந்த நல்ல டி-செல்களிலா? டி-ஏஎல்எல் பிளாஸ்டுகள் பலவற்றில் சிடி3 உள்ளே மட்டும்தான் இருக்கும். சிடி45 மங்கலாக உள்ள பிளாஸ்ட் கூட்டத்தைத் தனியாகப் பிரித்துப் பார்த்தீர்களா என்று ஒரு வரி எழுதினாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஒரு வகை அறிக்கை என்னைத் தூங்க விடாது. கீமோ முடிந்து மஜ்ஜை மீண்டு வரும் குழந்தை. 4% செல்களில் சிடி10, சிடி19 பாசிட்டிவ். நோய் திரும்பிவிட்டதா, அல்லது ஹெமடோகோன் எனப்படும் இளம் பி-செல்களா? வரைபடத்தைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஹெமடோகோன்கள் முதிர முதிர சிடி10 குறைந்து சிடி20 கூடிக்கொண்டே போகும், புள்ளிகள் வளைந்த பாதையாக விழும். லுக்கேமியா செல்கள் ஓரிடத்தில் கொத்தாக நிற்கும், வழக்கமான பாதையிலிருந்து விலகியிருக்கும். தயவுசெய்து அந்தப் படத்தை அறிக்கையோடு இணையுங்கள். பிரிண்டருக்கு இன்னொரு பக்கம், அவ்வளவுதான்.

சிடி19-ஐக் குறிவைக்கும் பிளினாட்டுமோமாப் மருந்து அல்லது கார்-டி (மாற்றியமைத்த டி-செல்) சிகிச்சை எடுத்தவரின் மாதிரி என்றால் கதை வேறு. திரும்பி வரும் நோய் சிடி19-ஐ உதிர்த்துவிட்டு வரலாம். அதை மட்டும் வைத்துத் தேடினால் நோயே இல்லை என்று எழுத நேரிடும். சிடி22, சிடி79ஏ போன்றவற்றைக் கொண்டும் தேட வேண்டும். முன்சிகிச்சை விவரத்தைப் படிவத்தில் எழுத வேண்டியது மருத்துவர்கள். வெறுமனே "லுக்கேமியாவா?" என்று எழுதிய படிவம் வந்தால் கூசாமல் எங்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, இதில் பேரம் இல்லை. சிடி33 பளிச்சென்று, எம்பிஓ அழுத்தமாக, சிடி34-ம் ஹெச்எல்ஏ-டிஆரும் நெகட்டிவாக, துகள் நிறைந்த கூட்டம் கண்ணில் பட்டால் ஏபிஎல் (ஏஎம்எல்லின் ப்ரோமைலோசைட்டிக் வகை) என்று சந்தேகியுங்கள். உறுதி செய்வது மரபணுச் சோதனைதான், ஆனால் அதற்காக நாங்கள் காத்திருப்பதில்லை. ரத்தக் கசிவில் நோயாளி போய்விடக்கூடும் என்பதால் சந்தேகம் வந்ததுமே ஏட்ரா மாத்திரையைத் தொடங்கிவிடுவோம். ஆகவே அறிக்கை தட்டச்சாகி, கையெழுத்தாகி வரும்வரை வைத்திருக்காதீர்கள். நேரம் பார்க்காமல் போன் செய்யுங்கள்.

அன்புடன்,
லுக்கேமியா வார்டிலிருந்து ஒரு மருத்துவர்