ஆணை வேறு, சட்டம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த அமெரிக்க அரசியல் கட்டுரையில், அந்நாட்டு அதிபர் நிர்வாக ஆணையில் கையெழுத்திடுவதைப் ‘புதிய சட்டம் பிறப்பித்தார்’ என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். நம் குடியரசுத் தலைவர் பிறப்பிக்கும் அவசரச் சட்டத்துக்கு நாடாளுமன்றச் சட்டத்தின் வலிமை உண்டு என்பதால் இந்தக் குழப்பம் நேர்ந்திருக்கலாம். அமெரிக்க அரசமைப்பில் அப்படியோர் ஏற்பாடே கிடையாது. அங்கே சட்டமியற்றும் அதிகாரம், செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்த காங்கிரஸுக்கு உரியது. அரசமைப்போ காங்கிரஸ் இயற்றிய சட்டமோ இடம் தந்தால்தான் அதிபரின் ஆணை செல்லும்.

இது ஏட்டளவிலான வேறுபாடு என்று எண்ணிவிட வேண்டாம். 1952 ஏப்ரலில், கொரியப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், எஃகு ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்திருந்தனர். போர்த்தளவாட உற்பத்தி நின்றுவிடும் என்று அஞ்சிய அதிபர் ட்ரூமன், அது தொடங்கச் சில மணி நேரமே இருந்தபோது, ஆலைகளை அரசின் வசம் எடுத்துக்கொள்ளுமாறு வர்த்தகத் துறைக்கு ஆணையிட்டார். நிறுவனத் தலைவர்களே இனி அரசின் மேலாளர்களாக இருந்து ஆலைகளை நடத்த வேண்டும் என்று பணிக்கப்பட்டார்கள்.

எஃகு நிறுவனங்கள் தொடுத்த வழக்கு வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்தபோது, நெருக்கடிக் காலத்தில் அதிபரின் அதிகாரத்துக்கு வரம்பே இல்லையா என்று நீதிபதி டேவிட் பைன் கேட்டார். தேர்தல் ஒன்று, பதவிநீக்க விசாரணை மற்றொன்று, இவ்விரண்டுமே வரம்பு என்றார் அரசு வழக்கறிஞர். ட்ரூமனின் ஆதரவாளர்களையே நெளியவைத்த அந்த வாதத்தை பைன் ஏற்கவில்லை.

ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றமும் 6-க்கு 3 என்ற கணக்கில் ஆணை செல்லாது என்றது. ஒன்பது நீதிபதிகளுமே முந்தைய அதிபர் ரூஸ்வெல்ட்டோ ட்ரூமனோ நியமித்தவர்கள்; ட்ரூமன் நியமித்த நால்வரில் பர்ட்டன், கிளார்க் ஆகிய இருவர் அவருக்கு எதிராகவே நின்றார்கள். தொழில் தகராறுகளில் ஆலைகளைக் கைப்பற்றும் அதிகாரத்தை அரசுக்குத் தரும் யோசனையைக் காங்கிரஸ் 1947-ல் தொழிலாளர் சட்டம் இயற்றும்போதே நிராகரித்திருந்தது என்பதைத் தீர்ப்பை எழுதிய ஹியூகோ பிளாக் சுட்டிக்காட்டினார். அந்த 1947ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே, ட்ரூமன் மறுத்துத் திருப்பியனுப்பியும், இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் நிறைவேறியதுதான். முப்படைகளின் தலைமைத் தளபதியான ட்ரூமன், ஒரு சிப்பாய்கூட இல்லாத நீதிமன்றத்தின் சொல்லுக்கு உடனே பணிந்து ஆலைகளைத் திருப்பித் தந்தார். தொழிலாளர்கள் 50 நாட்களுக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

நீதிமன்றம் எப்போதும் இப்படி நிமிர்ந்து நின்றது என்று நான் வாதிட வரவில்லை. மேற்குக் கடற்கரையிலிருந்து ஜப்பானிய வம்சாவளியினரை வெளியேற்ற ரூஸ்வெல்ட்டின் 1942 ஆணை வழிசெய்தபோது, 1944-ல் அந்த வெளியேற்றத்தை ஏற்றுத் தீர்ப்பெழுதியவரும் இதே பிளாக்தான். ஆனால் அந்த ஆணைக்குப் பின்னால், அதை மீறுவோரைத் தண்டிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டம் ஒன்று இருந்தது. 1952-ல் ட்ரூமனிடம் இல்லாமல்போனது அப்படியொரு சட்டமே.

ஆகவே, இனி வரும் கட்டுரைகளில் ‘நிர்வாக ஆணை’ என்றே எழுதுவதோடு, எந்தச் சட்டத்தின்கீழ் அது பிறப்பிக்கப்பட்டது என்பதையும் ஒரு வரியில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கும்பகோணம்.