கட்டிக்குள் கெடும் ஜீனும் கல்யாணப் பேச்சும்: குமரி மாவட்ட ஊர் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

பங்குப் பேரவைகள், சபைக் கமிட்டிகள், ஜமாஅத்துகள், ஊர் டிரஸ்டுகள் ஆகியவற்றின் மதிப்புக்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

நம் மாவட்டத்தில் புற்றுநோய் விழிப்புணர்வுக் கூட்டம் நடக்காத ஊர் குறைவு. குருசடி முற்றத்திலும் கோயில் கலையரங்கத்திலும் மதரசா ஹாலிலும் நாற்காலி போட்டு, மைக் செட் கட்டி, டாக்டர்களை வரவழைக்கிறீர்கள். அந்த உழைப்புக்கு முதலில் நன்றி. அந்த மேடைகளில் பேசுகிற அநேகமாக எல்லோரும் ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறார்கள்: "புற்றுநோய் என்பது ஜீன்களில் ஏற்படும் கோளாறு." தப்பில்லாத வாக்கியம். ஆனால் கேட்டவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போவது "இது ரத்தவழி வருவது, தாய்க்கு வந்தால் மகளுக்கும் வரும்" என்பதைத்தான். அப்புறம் நடப்பது உங்களுக்கும் தெரியும், தரகர்களுக்கும் தெரியும். பெண் பார்த்துப் போனவர்கள் பதில் சொல்வதில்லை. அதற்குப் பயந்தே, மார்பில் கட்டி தட்டுப்பட்ட தாய்மார் மகள் கல்யாணம் முடியட்டும் என்று வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள்.

கருங்கல் பக்கம் ஒரு கூட்டம் முடிந்து படியிறங்கும்போது ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சரே, ஜீன்னு சொல்லியாச்சே, அப்போ எனக்க மொவளுக்கும் வரும், இல்லியா?" என்று கேட்டார். மகள் பக்கத்திலேயே நின்றாள். அம்மாவின் ஆஸ்பத்திரி ஃபைலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்கான பதிலை ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி உங்கள் மேடையில் யாராவது சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்த மடல். நான் விலங்கியல் ஆசிரியை. செல் பிரிவதைப் பாடமாக நடத்தியவள் என்பதால், எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ஜீனை வைத்தே சொல்கிறேன்.

வெங்காய வேர்நுனியை அசிட்டோகார்மின் சாயத்தில் ஊறவைத்து, ஸ்லைடில் நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் காட்டுவோம். ஒரு செல் இரண்டாகும்போது, ஜீன்களைத் தாங்கியிருக்கும் குரோமோசோம்கள் இரு பக்கமாக விலகிப் போவது அதில் சிவப்பாகத் தெரியும். ஒவ்வொன்றும் 'வி' வடிவில் வளைந்திருக்கும். வளைவின் முனை முன்னே போக, கைகள் இரண்டும் பின்னால் இழுபடும். இழுக்கும் இழைகள் வந்து பிடிக்கிற அந்த முனைதான் சென்ட்ரோமியர். மனித செல்லில் 46 குரோமோசோம், ஒவ்வொன்றிலும் ஒரு சென்ட்ரோமியர். 46 என்கிற கணக்கையே ஜியோ, லேவன் என்ற விஞ்ஞானிகள் 1956இல்தான் சரியாக எண்ணி வெளியிட்டார்கள். நம் மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த அதே வருடம்.

சென்ட்ரோமியர் இருக்கும் இடத்தைக் குறித்துவைப்பது சென்ப்-ஏ என்ற புரதம். ஆய்வாளர்கள் வில்லியம் எர்ன்ஷாவும் நவோமி ராத்ஃபீல்டும் 1985இல் இதைக் கண்டறிந்தார்கள். தோல் இறுகிப்போகும் நோய் வந்தவர்களின் ரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருள்கள்தான் அவர்களுக்குத் துப்பு கொடுத்தன. இந்தப் புரதத்துக்கான ஜீன் நம் இரண்டாம் குரோமோசோமில் இருக்கிறது. அது எல்லோருக்கும் உண்டு. அது இல்லாமல் எந்த செல்லும் ஒழுங்காகப் பிரிய முடியாது. 'புற்றுநோய் ஜீன்' என்று அதற்குத் தனியாகப் பெயர் வைக்க ஒன்றுமில்லை.

கோளாறு வருவது அளவு மீறும்போது. பேச்சிப்பாறைப் பக்கம் வெட்டிய ரப்பர் தடியைச் சரிவிலிருந்து இறக்க வடம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கட்டு ஓரிடத்தில் இருந்தால் தடி நேராக வரும். ஒரே தடியில் கண்ட இடத்திலெல்லாம் கட்டுப் போட்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் தடி புரளும், சில நேரம் பிளக்கும். சென்ப்-ஏ செல்லுக்குள் மிதமிஞ்சி உண்டானால் சென்ட்ரோமியரில் மட்டும் நிற்காமல் குரோமோசோமின் கைகளிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. உரிய இடத்தில் பிடிமானம் தளர்கிறது. பிரிகிற செல்களில் ஒன்றுக்கு ஒரு குரோமோசோம் கூடிப்போகும், இன்னொன்றுக்குக் குறைந்துபோகும். குரோமோசோம் கணக்குத் தப்புவதுதான் புற்றுக்கு வழி என்று ஜெர்மானிய உயிரியலாளர் தியோடர் போவெரி 1914லேயே எழுதினார். அவர் ஊகித்ததற்குக் காரணமான மூலக்கூறுகளை இன்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்ட முடிகிறது.

இனிச் சொல்வதை நிர்வாகிகள் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். 2003இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பெருங்குடல் புற்று நோயாளிகளின் கட்டியையும், அதே ஆட்களின் குடலில் கட்டிக்கு வெளியே இருந்த நல்ல திசுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கட்டியில் சென்ப்-ஏ கூடுதல், நல்ல திசுவில் அந்தக் கூடுதல் இல்லை. ஆள் ஒருவர்தான். அவர் தாய் தகப்பனிடமிருந்து பெற்ற ஜீன் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அப்படியானால் அந்த மிகை எங்கே உண்டானது? கட்டிக்குள்ளே, அவர் வாழ்நாளில் உண்டானது. கரு முட்டைக்கோ விந்துக்கோ அது போவதில்லை, பிள்ளைக்கும் போவதில்லை. கருங்கல் அம்மாவின் மகள் பயந்த 'ஜீன் கோளாறு' பெரும்பாலும் இந்த ரகம்தான்.

சென்ப்-ஏ ஏன் மிகுகிறது என்பதற்கு ஒரு காரணம் நம் ஊரோடு நெருங்கிய தொடர்புள்ளது. பி53 என்ற காவல் புரதம் சென்ப்-ஏ ஜீனை அடக்கி வைக்கிறது. அந்தக் காவல் போனால் அடக்கமும் போகிறது. பாரிஸ் கியூரி நிறுவன விஞ்ஞானிகள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், பி53 சரியாக உள்ள செல்லில் சென்ப்-ஏ மிகுந்தால் செல் பெருகுவதை நிறுத்திக்கொண்டது. பி53 கெட்ட செல்லிலோ, இடம்விட்டு நகரும் குணம் தலைகாட்டியது. வாய்ப்புற்றுக் கட்டிகளில் பி53 கெட்டிருப்பது மிகச் சாதாரணம். அதைக் கெடுப்பதில் புகையிலைக்குப் பெரிய பங்கு உண்டு. வெற்றிலையும் புகையிலையும் அடக்கி வைக்கிற அதே கன்னத்தின் உட்புறத்தில்தான் பி53 புரதத்துக்கான ஜீன் கெடுகிறது. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய டாக்டர் ஐ. எம். ஓர், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு போடுவோரின் வாய்ப்புற்று பற்றி 1933இல் லான்செட் இதழில் எழுதினார். உலகம் வாசித்த அந்தக் கட்டுரைக்கு நம் மண்ணின் நோயாளிகளே ஆதாரம். பாக்கு தனியாகவே புற்றை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்திவிட்டது. இத்தனைக்குப் பிறகும் கல்யாண வீட்டுத் தாம்பாளத்தில் புகையிலையை நாம்தான் வைக்கிறோம். குடும்பத்து ரத்தத்தைச் சந்தேகிக்கிற நாம் தாம்பாளத்தைச் சந்தேகிப்பதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

மணவாளக்குறிச்சி, சின்னவிளை பக்கத்து மக்கள் கேட்பது இன்னொன்று: "இந்தக் கருமணல் எங்கள் ஜீனைக் கெடுத்துவிட்டதா?" அந்த மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் கதிர்வீச்சுள்ள தோரியம் இருப்பதால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு கூடுதல் என்பது உண்மை. இதேபோன்ற மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வு, அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காட்டவில்லை. ஆனால் கருநாகப்பள்ளி நம் கடற்கரை ஆகிவிடாது. நம் கரைக்கும் அதே பொறுமையோடு ஓர் ஆய்வு வேண்டும் என்று கேட்க மக்களுக்கு முழு உரிமை இருக்கிறது. ஊர் நிர்வாகங்கள் அதை எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டும்.

பரம்பரையாக வரும் புற்று அறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. நூற்றில் ஐந்து முதல் பத்து வரை அப்படி வருவதுண்டு. மார்பு, சூலகப் புற்றோடு தொடர்புள்ள பிஆர்சிஏ ஜீன்களில் பிறவியிலேயே வரும் கோளாறு அந்த வகை. தாய், சித்தி, அக்கா என்று நெருங்கிய பலருக்கு, அதுவும் இளம் வயதிலேயே வந்திருந்தால், டாக்டரிடம் மரபியல் ஆலோசனை கேட்க வேண்டும். அது டாக்டருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் இடையிலான பேச்சு. தரகருக்கும் சம்பந்தி வீட்டுக்கும் அதில் வேலையில்லை. யாராவது முகாம் போட்டு, கைநிறையப் பணம் வாங்கிக்கொண்டு 'எல்லாப் புற்றுநோய் ஜீனும் பார்த்துத் தருகிறோம்' என்று வந்தால் ஹாலைத் திறந்துவிடாதீர்கள். சென்ப்-ஏ அளவைப் பார்த்து மருந்து முடிவுசெய்யும் வழக்கம் இன்று மருத்துவத்தில் கிடையாது. கட்டி தட்டுப்பட்டால் தேவைப்படுவது பயாப்ஸி, அதாவது கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் சோதனை. 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்று அதைத் தள்ளிப்போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதையும் உங்கள் மேடையிலேயே டாக்டர் வாயால் மறுக்கச் சொல்லுங்கள்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்த கூட்டத்தில் பேச்சாளர் மைக்கைப் பிடிக்குமுன், 'ஜீன் கோளாறு' என்று சொன்னால் அது பெரும்பாலும் கட்டிக்குள் உண்டாவது, பிள்ளைகளுக்குப் போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லும்படி கேளுங்கள். அன்பியக் கூட்டத்திலும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகும் ஊர்ப் பொதுக்கூட்டத்திலும், வரன் விசாரிக்கும்போது 'அந்த வீட்டில் கேன்சர் உண்டா' என்று துருவ வேண்டாம் என்று உங்கள் வாயால் ஒருமுறை சொல்லுங்கள். நான் சொன்னால் பாடம். நீங்கள் சொன்னால் ஊர் கேட்கும்.

எந்த ஊர் அழைத்தாலும் மைக்ராஸ்கோப்பும் வெங்காய வேர் ஸ்லைடும் எடுத்துக்கொண்டு வருகிறேன். ஞாயிறு மாலையானால் எனக்கு வசதி. வண்டிக்கூலிகூட வேண்டாம். வரிசையில் நின்று பார்க்க பெண்களுக்கு முதல் இடம் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து ஒரு விலங்கியல் ஆசிரியை