கல் பட்ட கிழமையே அடைத்துத் தாருங்கள்: காப்புறுதி நிறுவனங்களுக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

மோட்டார் காப்புறுதி வழங்கும் நிறுவனங்களின் கிளேம் பிரிவுகளுக்குப் பொறுப்பானவர்களுக்கும், இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் திருகோணமலையில் வான் வைத்து ஹயர் ஓடுகிறேன். கண்டிக்கும் அநுராதபுரத்துக்கும் கிளினிக் போகிற நோயாளிகள், கட்டுநாயக்காவுக்கு வெளிநாடு போகிற பிள்ளைகள், கோணேசர் கோயிலுக்கும் நிலாவெளிக் கடற்கரைக்கும் வருகிற குடும்பங்கள் என்று ஓட்டம். கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். முன்கண்ணாடியில் கல் பட்டு ஒரு சின்னத் தெறிப்பு விழுந்தால், அதை எங்கள் ஊரிலேயே, அந்தக் கிழமைக்குள், கிளேம் கேட்காத வருடங்களுக்காகக் கட்டணத்தில் கழிக்கும் நோ கிளேம் போனஸில் கை வைக்காமல் அடைத்துத் தருவதற்கு ஓர் ஏற்பாடு செய்யுங்கள். முழுக் கண்ணாடியை மாற்ற நீங்கள் கொடுக்கிற காசில் சிறு பங்குதான் அதற்குப் போகும்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்றால், எங்கள் மாவட்டத்தை விட்டு வெளியே போக எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்லோ மணலோ ஏற்றிய டிப்பருக்குப் பின்னால்தான் போக வேண்டியிருக்கிறது. கொழும்பு, கண்டி என்றால் ஏ6 வீதியில் கந்தளாய், ஹபரணை. அநுராதபுரம் என்றால் ஏ12 இல் பன்குளம், ஹொரவப்பொத்தானை. மட்டக்களப்புப் பக்கம் என்றால் ஏ15 இல் கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர், வெருகல். வடக்கே குச்சவெளி, புல்மோட்டை. படங்கு போட்டு மூடாத டிப்பர்களைப் பற்றிப் பொலிசாரிடம் பேச வேண்டியது தனிக் கதை. ஆனால் மூடினாலும் கல் தெறிக்கும். முன்னால் ஓடும் வண்டியின் ரயர் இடுக்கில் சிக்கிய சல்லி ஒன்று கழன்று வந்தால் போதும், அந்த வேகமும் எங்கள் வேகமும் சேர்ந்து கண்ணாடியில் இறங்கும். அதற்குச் சாரதி செய்யக்கூடியது இடைவெளி விடுவது மட்டுமே. இடைவெளி விட்டால் அதற்குள் இன்னொரு வண்டி வந்து புகுந்துவிடும், அது எல்லோருக்கும் தெரியும்.

போன கச்சான் காற்றுக் காலத்தில் கந்தளாய்க்கு இந்தப் பக்கம் என் வானுக்கும் அப்படி ஒரு கல் விழுந்தது. பயணிகள் பக்கத்தில், ஐந்து ரூபாய்க் குற்றிக்குள் அடங்கும் அளவில் ஒரு நட்சத்திரத் தெறிப்பு. அடுத்த நாளே காப்புறுதி நிறுவனத்தின் கிளைக்குப் போனேன். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. மற்ற நிறுவனங்களில் பொலிசி வைத்திருக்கும் சாரதிமாரும் இதையே சொல்கிறார்கள். அங்கே இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். படம் எடுத்தார், கொழும்புக்கு அனுப்பினார், பிறகு சொன்னார்: “அண்ணா, இது இப்ப கிளேம் போடுற அளவுக்கு இல்லை. வெடிப்பு ஓடினா வாங்க, மாத்தித் தரலாம்.”

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தனக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சின்னதாக இருக்கும்போது வராதே, பெரிதானதும் வா என்கிறது உங்கள் நடைமுறை. எந்த ஆஸ்பத்திரியாவது காயத்தைப் பார்த்துவிட்டு, சீழ் பிடித்ததும் வா என்று திருப்பி அனுப்புமா?

வெடிப்பு ஓடத்தான் செய்தது. அது ஏன் ஓடியது என்பதை இங்கே விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் கொழும்பில் இருந்து முடிவெடுப்பவர்களுக்கு எங்கள் வெயில் தெரியாது.

முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர் தடிப்பு. நடுவில் ஒரு மில்லிமீற்றர் கூட இல்லாத பிளாஸ்டிக் படலம் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அதனால்தான் பக்கக் கண்ணாடி மாதிரி இது பொலபொலவென்று உதிர்வதில்லை. கல் பட்டால் பொதுவாக வெளித் தகடு மட்டும் தெறிக்கும், உள் தகடு முழுதாக இருக்கும். சிறு தெறிப்பை அடைக்க முடிவதும் இதனால்தான். தெறிப்பின் மேல் ஒரு சிறு கருவியைப் பொருத்தி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, ரெசின் என்னும் தெளிந்த பிசினைச் செலுத்தி, புறஊதா விளக்கில் இறுக வைத்து, மேலே மினுக்கிவிடுவார்கள். எல்லாம் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும். கண்ணாடியைக் கழற்ற வேண்டாம், கம்பனியில் ஒட்டி வந்த ஒட்டும் அசையாது.

ஆனால் அந்தத் தெறிப்பு சுத்தமாக இருக்க வேண்டும். அதற்குள் தூசியும் ஈரமும் புகுந்துவிட்டால் பிசின் சரியாகப் பிடிக்காது, அடைத்த இடம் மங்கலாகத் தெரியும். இங்கே வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் கச்சான் காற்று புழுதியை வாரி அடிக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்றும் மழையும். வருடம் முழுக்க உப்புக் காற்று. தெறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கிழமைக்கணக்கில் கொழும்பின் பதிலுக்குக் காத்திருந்தால், அடைக்க வேண்டிய நேரத்தில் அது அடைக்க முடியாததாகிவிடும்.

இதோடு வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. ஆஸ்பத்திரி வாசலிலோ பஸ் நிலையத்திலோ நட்ட நடு மத்தியானம் நிறுத்திய வானின் கண்ணாடியில் கை வைக்க முடியாது. நோயாளி ஏறியதும் ஏ.சி.யைக் கூட்டிப் போடுவோம். குளிர்ந்த காற்று உள்பக்கத்தில் நேராக அடிக்கும், வெளிப்பக்கம் கொதித்துக்கொண்டிருக்கும். உள்பக்கம் சுருங்கப் பார்க்கும், வெளிப்பக்கம் விரிந்தே இருக்கும். ஏற்கெனவே பலமிழந்த இடம் எதுவோ அங்கிருந்துதான் வெடிப்பு கிளம்பும். அப்புறம் ஒரு பள்ளத்தில் சில்லு இறங்கி வண்டியின் உடல் முறுகினால், காலையில் விரல்நகம் அளவு இருந்தது மாலையில் கண்ணாடியின் பாதிக்கு ஓடியிருக்கும். அதனால் இதை வாசிக்கிற சாரதிமாருக்கும் ஒரு வார்த்தை: கல் பட்டால் உடனே தெளிந்த செலோடேப் ஒரு துண்டை மேலே ஒட்டிவிடுங்கள், ஏ.சி. காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பாதீர்கள், சூடான கண்ணாடிக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீர்கள், நிழலில் நிறுத்துங்கள்.

இனி உங்கள் கணக்கைப் பார்ப்போம். தெறிப்பை அடைக்கச் சில ஆயிரம் ரூபாய் போகும். கண்ணாடியை மாற்றப் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். கண்ணாடிக்குப் பின்னால் கமரா வைத்து வரும் புதிய ஹைபிரிட் வண்டிகளுக்கு அந்தக் கமராவைத் திரும்ப அளந்து சரிப்படுத்தவும் வேண்டும். அந்தக் கருவி எங்கள் ஊரில் கிடைப்பது கடினம், வண்டி கொழும்புக்குப் போக வேண்டும். அதாவது ஏறக்குறைய 260 கிலோமீற்றர், உடைந்த கண்ணாடியோடு. முதலில் சொன்ன சில ஆயிரத்தை மறுத்ததால் நீங்கள் மிச்சம் பிடித்தது என்ன? சாரதிக்கு என்ன கிடைத்தது? ஓட்டம் இல்லாத நாட்கள்.

சரி, சாரதியே தன் கைக்காசில் அடைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். செய்கிறவர்கள் செய்கிறார்கள். ஆனால் முழுக் காப்புறுதிக்குக் கட்டணம் கட்டுகிற ஒருவர், கண்ணாடி வெடித்தால் நிறுவனம் மாற்றித் தரும், அடைத்தால் தன் காசு என்று தெரிந்தால் என்ன செய்வார்? காத்திருப்பார். உங்கள் விதிதான் அவரைக் காத்திருக்க வைக்கிறது. இன்னொரு பயம் நோ கிளேம் போனஸ். வருடக்கணக்காக விபத்தில்லாமல் ஓடிச் சேர்த்த கட்டணக் கழிவை ஒரு சல்லிக்கல்லுக்காக இழக்க யாரும் விரும்புவதில்லை. கண்ணாடிக்கென்று தனிச் சேர்க்கை எடுத்தால் போனஸ் போகாது என்று சில பொலிசிகளில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. எதில் என்ன இருக்கிறது என்பதை விற்கிற முகவரே தெளிவாகச் சொல்வதில்லை.

இதன் விளைவாக, குறுக்கே கோடு ஓடிய கண்ணாடியோடு எத்தனையோ வண்டிகள் ஓடுகின்றன. பகலில் பெரிதாகத் தெரியாது. இரவில் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் ஓட்டிப் பாருங்கள். எதிரே வரும் லைற் அந்த வெடிப்பில் பட்டுச் சிதறும்போது ஒரு நொடி முன்னால் ஒன்றும் தெரியாது. அந்த வீதியில் யானை நிற்கும். வீதியோரம் நிற்கும் யானை இருட்டோடு இருட்டாக இருக்கும், வெளிச்சம் பட்டாலும் கடைசி நேரத்தில்தான் தெரியும். என் பின்னால் டயாலிசிஸ் முடித்துத் திரும்புகிற ஒரு அம்மா படுத்திருக்கலாம், ஒரு கைக்குழந்தை தூங்கலாம். இது வெறும் கண்ணாடிக் கணக்கில்லை என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

எல்லாத் தெறிப்பையும் அடைக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். சாரதியின் கண்ணுக்கு நேரே இருந்தால் அடைத்த பிறகும் மெல்லிய தடம் மிஞ்சும், அது பார்வையைக் குழப்பும். ஓரத்தோடு ஒட்டி இருந்தால், நீளமாக ஓடியிருந்தால், உள் தகடும் உடைந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். பிரித்தானியாவில் வருடாந்த வாகனப் பரிசோதனைக்கு இதை அளவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்: ஸ்டியரிங்குக்கு நேரே 290 மில்லிமீற்றர் அகலப் பட்டையில் 10 மில்லிமீற்றருக்கு மேல் சேதம் கூடாது, வைப்பர் துடைக்கும் மற்ற இடங்களில் 40 மில்லிமீற்றருக்கு மேல் கூடாது. அப்படி ஒரு அளவை நீங்களும் எழுதி வையுங்கள். கிளையில் இருக்கும் தம்பிக்கும் எனக்கும் அளவுகோல் ஒன்றாக இருக்கும், வாக்குவாதம் வராது.

மாற்ற வேண்டி வந்தால் அதைச் சரியாக மாற்றவும் காசு கொடுங்கள். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். ஆகக் குறைந்த விலைப்பட்டியலை மட்டும் பார்த்து அனுமதி கொடுப்பது ஆபத்து. இப்போதைய வண்டிகளில் முன்கண்ணாடி வண்டியின் உடலோடு யூரிதேன் பசையால் ஒட்டப்படுகிறது. வண்டி உருண்டால் கூரையைத் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. பயணிகள் பக்க எயார்பாக் விரியும்போது பல வண்டிகளில் அது கண்ணாடியில் முட்டித்தான் நிற்கும். பசை இறுகாமல், அல்லது மலிவான சிலிக்கனால் ஒட்டியிருந்தால் கண்ணாடியே வெளியே தள்ளப்பட்டுவிடும். கடற்கரை ஊர் வண்டிகளில் இன்னொன்றும் இருக்கிறது. பழைய கண்ணாடியைக் கழற்றினால் அதன் கீழே தகரம் துருப்பிடித்துப் போயிருக்கும். துருவைச் சுரண்டி, பிறைமர் அடித்து, காயவிட்டுத்தான் புதிதை ஒட்ட வேண்டும். இதற்கு மேலதிகமாக ஒரு நாள் பிடிக்கும், கொஞ்சம் காசும் பிடிக்கும். அந்தச் செலவை உங்கள் மதிப்பீட்டாளர்கள் வெட்டிவிடுகிறார்கள். அவசரத்தில் துருவின் மேலேயே ஒட்டுகிறார்கள், அடுத்த மாரியில் தண்ணீர் ஒழுகுகிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அவ்வளவு காலமும் கையில் இருந்த பழைய வண்டியைப் பொத்திப் பொத்தி ஓடியவர்கள் நாங்கள். புதியது வாங்கும் நிலையில் இன்றும் பலர் இல்லை. கம்பனி ஒட்டோடு இருக்கிற கண்ணாடியைக் காப்பாற்றுவது எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பது உங்களுக்குப் புரியும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1987 இல் வந்த பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. ஆனால் என் பொலிசி ஆங்கிலத்தில் இருக்கிறது. ஹொட்லைனுக்கு எடுத்தால், தமிழ் பேசுகிறவர் வரும்வரை வீதியோரம் நின்று காத்திருக்க வேண்டும். கண்ணாடிச் சேர்க்கை, கிளேமில் வெட்டும் கழிவு, நாங்கள் போட வேண்டிய சொந்தப் பங்கு, போனஸ் ஆகிய நான்கையும் ஒரே பக்கத்தில் தமிழில் அச்சடித்துப் பொலிசியோடு தாருங்கள். ஒரு பக்கம் போதும்.

நிறுவனங்களிடம் நான் கேட்பது இவைதான். திருகோணமலை நகரத்திலும், முடிந்தால் கிண்ணியாவிலும் கந்தளாயிலும், தெறிப்பு அடைக்கத் தெரிந்த கராஜ்களைத் தெரிந்தெடுத்துப் பட்டியலில் சேருங்கள். வேலை தெரிந்த பாஸ்மார் இங்கே இருக்கிறார்கள், கருவியும் பயிற்சியும் கொடுத்தால் போதும். சாரதி வட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் அன்றைக்கே பதில் சொல்லுங்கள். அடைக்கக்கூடிய தெறிப்புக்குச் சொந்தப் பங்கு கேட்காதீர்கள், போனஸைத் தொடாதீர்கள். மாற்றும்போது எந்தப் பசை, எத்தனை மணித்தியாலம் வண்டியை நிறுத்த வேண்டும், துரு வேலை உண்டா என்பதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதுங்கள்.

ஆணைக்குழுவிடம் ஒரு வேண்டுகோள். 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டம் உங்களை அமைத்தது பொலிசிதாரர்களின் நலனைக் காக்கத்தான். முன்கண்ணாடிக் கிளேம்களில் எத்தனை முதலில் சிறு தெறிப்பாக வந்து திருப்பி அனுப்பப்பட்டவை என்று நிறுவனங்களிடம் கேளுங்கள். அந்தத் தொகையை வெளியிடுங்கள். நாங்கள் ஒவ்வொருவராகக் கொழும்பில் இருக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு முறைப்பாடு எழுதலாம்தான், ஆனால் சல்லிக்கல் ஒன்றுக்காக ஓட்டத்தை விட்டுவிட்டு யார் எழுதுவார்?

அடுத்த கச்சான் தொடங்குவதற்கு முன் ஏதாவது ஒரு நிறுவனம் இதைத் திருகோணமலையில் ஒரு வருடம் செய்து பார்க்கட்டும். அந்த நிறுவனத்தின் கிளையில் பட்டியலைப் பார்த்த அன்றே என் பொலிசியை அங்கே மாற்றுவேன். எங்கள் தரிப்பிடத்தில் நிற்கிற மற்றச் சாரதிமாரிடமும் சொல்வேன்.

இப்படிக்கு,
திருகோணமலையில் ஹயர் ஓடும் ஒரு வான் சாரதி