திருத்துவது வேறு, திரும்ப விசாரிப்பது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வரித் தீர்ப்பாயங்கள் தம் கட்டளையைத் தாமே திருத்தும் அதிகாரம் பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளியான கட்டுரை, ரிலையன்ஸ் டெலிகொம் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2021 டிசெம்பர் 3 ஆம் திகதி அளித்த தீர்ப்பினால் அந்த வழியே அடைபட்டுவிட்டது என்ற எண்ணத்தைத் தருகிறது. நான் அப்படிக் கருதவில்லை.

அவ்வழக்கில் வருமான வரி மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2013 இல் வரித் திணைக்களத்துக்குச் சார்பாகத் தீர்த்ததை, 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 254(2) ஆம் பிரிவைக் காட்டி 2016 இல் முழுதாகவே மீளப் பெற்றது. பதிவேட்டைப் பார்த்தவுடன் தெரியும் பிழையைத் திருத்துவதற்குத் தந்த அதிகாரத்தைக் கொண்டு வழக்கை மறுபடி விசாரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது சரியே. நீண்ட தர்க்கத்தால் நிறுவ வேண்டியதும் இரு கருத்துக்கு இடமுள்ளதும் வெளிப்படையான பிழை ஆகா என்பது 1971 இலேயே வோல்கார்ட் வழக்கில் சொல்லப்பட்டதுதான். நமது இலங்கைக் குடியியல் நடைமுறைச் சட்டக்கோவையின் 189 ஆம் பிரிவும் எழுத்துப் பிழை, கணக்குப் பிழை, தவறுதலாக விடுபட்டவை என்பவற்றோடு நின்றுகொள்கிறது.

ஆனால் 450,000 என்பது 540,000 ஆகிவிட்டால் மட்டுந்தான் பிழையா? பல ஆண்டுகள் பிறருக்குக் கணக்கெழுதிய அனுபவத்தில் சொல்கிறேன்: பிழை பெரிதா சிறிதா என்று பார்ப்பதைவிட, தீர்ப்பாயம் அந்த விடயத்தைப் பார்த்துத் தவறாகத் தீர்த்ததா, பார்க்கவே இல்லையா என்று கேட்பதே பொருத்தம். பார்த்துத் தவறியிருந்தால் மேன்முறையீடு செய்ய வேண்டும். முன்வைத்த பத்திரத்தைப் புரட்டாமலே விட்டிருந்தால் அது தீர்ப்பாயத்தின் சொந்தத் தவறு. தான் முன்பு அளித்த தீர்ப்பு எடுத்துக்காட்டப்பட்டும் அதைக் கவனியாது விட்ட தீர்ப்பாயம் தன்னைத் திருத்திக்கொண்டதை, ஹொண்டா சியல் வழக்கில் 2007 இல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. கட்டுரையாளர் இதைத் தொடவில்லை.

குறைபட்டவர் உயர் நீதிமன்றம் செல்லலாமே என்பார்கள். (இந்தியாவில் அப்பெயர் மாநில நீதிமன்றத்துக்குரியது, நம்மவர்கள் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்தை நினைத்துக் குழம்ப வேண்டாம்.) சட்டம் பற்றிய முக்கிய கேள்வி எழுந்தால்தான் அந்த மேன்முறையீடு எடுபடும். இங்கும், 2011 இன் 23 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வரி மேன்முறையீட்டு ஆணைக்குழுவின் தீர்மானத்திலிருந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சட்டக் கேள்வியையே கொண்டுபோகலாம். காணாமல் விடப்பட்ட ஒரு பற்றுச்சீட்டைச் சட்டக் கேள்வியாக்குவது எந்தச் சட்டத்தரணிக்கும் பெரும்பாடு.

இவ்வளவு ஒடுங்கிய வாசலுக்கு, இந்தியாவில் பிழை திருத்தும் காலக்கெடுவையும் குறைத்தார்கள். நான்கு ஆண்டுகளாக இருந்தது 2016 சட்டத் திருத்தத்தின் பின், கட்டளை பிறந்த மாத முடிவிலிருந்து ஆறு மாதமாயிற்று. அதிகாரத்தின் எல்லையைக் குறுக்கிய தீர்ப்பில் எனக்குக் குறையில்லை. இந்த ஆறு மாதத்தைத்தான் கட்டுரையாளர் கண்டித்திருக்க வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
நல்லூர், யாழ்ப்பாணம்.