சியர் பிள்ளைகளின் விருதுகளுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள அக்கா, அண்ணன், மாமா, தாத்தா, பாட்டி எல்லோருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை நம் பிள்ளைகளின் சியர்லீடிங் அணிக்கு (ஆட்ட மைதானத்தின் ஓரத்தில் கோஷம் போட்டு, குதித்து, ஆளை ஆள் தூக்கி நிறுத்துகிற அணி) நடந்த சீசன் முடிவு விருந்தில், அதாவது பேங்க்வெட்டில், கோச்சுகளுக்கும் பெற்றோருக்கும் மைக்கிலேயே நன்றி சொல்லியாகிவிட்டது. ஆங்கில மின்னஞ்சலும் போய்விட்டது. ஆனால் அன்றைக்குக் கொடுத்த 17 விருதுகளில் பாதிக்கு மேல் நம் தெருத் தமிழ் ஆட்களின் கைவேலை என்பது அந்த ஹாலில் இருந்த பலருக்குத் தெரியாது. உங்களில் சிலர் விழாவுக்கே வரவில்லை. அதனால்தான் இந்த மடல், நம்ம பாஷையில்.

சீசன் முடிகிற நேரத்தில் கோச் என்னிடம் கேட்டது இதுதான்: ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு விருது வேண்டும், ஒன்றைப் போல இன்னொன்று இருக்கக் கூடாது, கடையில் வாங்கும் பிளாஸ்டிக் கோப்பை வேண்டவே வேண்டாம். டீம் மாம் என்று பெயர் கொடுத்துவிட்டால் இந்த மாதிரி வேலையெல்லாம் நம் தலையில்தான் வந்து விழும். சியர்லீடிங்கில் இது லேசான காரியமும் இல்லை. பார்க்கிறவர் கண் மேலே நிற்கிற ஃப்ளையர் மீதுதான் போகும். சிறந்த ஃப்ளையர், சிறந்த டம்ளிங் (குட்டிக்கரணம்), சிறந்த ஜம்ப் என்று மூன்று பேரைக் கூப்பிட்டுவிட்டு, மிச்சம் 14 பேருக்கும் 'பங்கேற்றதற்காக' என்று ஒரு காகிதத்தை நீட்டினால், எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூட அது ஆறுதல் பரிசு என்று புரிந்துவிடும்.

முதலில் திருச்சித் தாத்தாவுக்கு. மகன் வீட்டுக்கு வந்த புதிதில், "அதென்னம்மா, ஐபிஎல்ல பவுண்டரி அடிச்சா ஆடுவாங்களே, அதுவா?" என்று கேட்டவர் அவர். 2008-இல் ஐபிஎல் தொடங்கியபோது பார்த்ததுதான் ஊரில் பலருக்கும் மனதில் நிற்கிற சியர்லீடிங். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு நாள் பேத்தியோடு ப்ராக்டிஸுக்கு வந்தார். மூன்று பிள்ளைகள் சேர்ந்து நான்காவது பிள்ளையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தியதைப் பார்த்தவர், மடக்கு நாற்காலியை மேட் ஓரத்துக்கே இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் ஒரு ப்ராக்டிஸையும் விடவில்லை. விருது பற்றிப் பேசும்போது அவர்தான் சொன்னார்: "எல்லாரும் மேல நிக்கிற குழந்தையைப் பாக்குறீங்க. பின்னாடி கணுக்காலைப் புடிச்சுக்கிட்டு ஒரு பொண்ணு நிக்குது பாருங்க, அதுதான் எண்ணுது. அது வாயைத் திறக்கலைன்னா ஒருத்தரும் அசையறதில்ல." பேக் ஸ்பாட் என்கிற அந்த இடத்தின் வேலையே அதுதான். அந்தப் பிள்ளையின் அம்மாகூட அதைக் கவனித்ததில்லை. சியர் ஆட்டத்தில் எட்டு எட்டாகத்தான் எண்ணுவார்கள், அதனால் எட்டு மரமணிகளைக் கம்பியில் கோத்துப் பலகையில் பொருத்தி 'அணியின் கடிகாரம்' என்று கொடுத்தோம். மணி கோத்ததும் தாத்தாதான்.

அவர் சொன்ன பிறகுதான் வேலை சூடு பிடித்தது. உங்கள் எல்லோரிடமும் நான் கேட்டது பணமோ பொருளோ இல்லை. இந்தப் பிள்ளைகளிடம் நீங்கள் பார்த்தது என்ன என்றுதான் கேட்டேன். கார்பூலில் கூட்டிப் போனவர்கள், மைதானத்தில் தண்ணீர் கேன் தூக்கியவர்கள், ஆகஸ்ட் வெயிலில் குடை பிடித்தவர்கள் என ஆளுக்கொன்று சொன்னீர்கள்.

தையல் அக்காவின் கையுறைகளைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேஸ், அதாவது கீழே நின்று தூக்குகிற பிள்ளைகள் இருவர் சீசன் முழுக்க ஃப்ளையரின் பாதத்தை உள்ளங்கையில் தாங்கியவர்கள். வெள்ளைப் பருத்திக் கையுறை வாங்கி, ஃப்ளையரின் ஷூவை அவள் அம்மா மூலம் ரகசியமாக வரவழைத்து, அடிப்பாகத்தில் நீலப் பெயின்ட் தடவி உள்ளங்கைப் பக்கம் அச்சு எடுத்தார் அக்கா. ஷூவின் வரிகள், குதிகாலில் இருக்கும் நம்பர் வரை பதிந்திருந்தது. மணிக்கட்டில் அதே நீல நூலில் பெயர் தைத்தார். கையுறையை மாட்டிய அடுத்த நொடி இரண்டு பேரும் ஃப்ளையரைத் தேடிப் போய்க் கையை நீட்டினார்கள், அவளும் ஷூவோடு காலைத் தூக்கிவிட்டாள். "மேட் இல்லாமல் ஸ்டண்ட் கிடையாது!" என்று கோச் போட்ட சத்தத்துக்கு மைக் தேவைப்படவில்லை.

அடுத்தது பாட்டியின் அஞ்சறைப்பெட்டி. யாருக்கு ஹேர் பின் தொலைந்தாலும், தலையில் கட்டுகிற ரிப்பன் 'போ' கழன்றாலும், ஒரே ஒரு பெண்ணின் பையிலிருந்துதான் மாற்று வரும். அவளுக்கு என்ன கொடுப்பது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது, கடுகையும் சீரகத்தையும் வேறு டப்பாவில் கொட்டிவிட்டுப் பெட்டியைக் கழுவி நீட்டினீர்களே பாட்டி! ஒரு கிண்ணத்தில் பாபி பின், ஒன்றில் ரப்பர் பேண்ட், ஒன்றில் ஊக்கு, ஒன்றில் பேண்ட்-எய்ட், நடுவில் மினுக்குப் பொடி. அந்தப் பெண் தமிழ்ப் பிள்ளை இல்லை. பெட்டியை முகர்ந்து பார்த்து, "இது எதன் வாசனை?" என்று கேட்டாள். வெந்தயம் என்றேன்.

அணியில் ஒரே ஒரு பையன். பள்ளியில் கொஞ்சம் கேலி இருந்தது. மினசோட்டாவில் படித்த மாமா அவனை உட்கார வைத்துச் சொன்ன கதைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். 1898 நவம்பர் 2 அன்று மினசோட்டா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் ஜானி கேம்பல் என்ற மாணவர் கூட்டத்தின் முன் நின்று கோஷத்தை எடுத்துக்கொடுத்ததுதான் சியர்லீடிங்கின் தொடக்கம். பெண்கள் அதே பல்கலைக்கழகத்தில் உள்ளே வந்தது 1923-இல். கால் நூற்றாண்டு இது ஆண்களின் வேலையாக இருந்தது. மாமா அட்டையில் செய்து தங்க நிறம் அடித்த மெகாஃபோனில் '1898' என்று மட்டும் எழுதியிருந்தது. அதை இப்போது பையன் பள்ளிக்கே கொண்டுபோகிறானாம்.

மற்றவை வேகமாக: சியர் பிள்ளைகள் முக்கால்வாசி நேரம் மைதானத்துக்கு முதுகு காட்டித்தான் நிற்பார்கள், பந்து யார் கையில் என்று தெரியாமல் டிஃபென்ஸ் (தடுக்கிற) கோஷத்துக்குப் பதில் அஃபென்ஸ் (தாக்குகிற) கோஷம் போடுவது சகஜம். திரும்பிப் பார்த்துத் திருத்துகிறவளுக்கு ரெஃப்ரி விசில். மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டோடு ஒரு ப்ராக்டிஸும் விடாமல் வந்து மியூசிக் போட்டவளுக்குப் பெரிய 'ப்ளே' பட்டன். கத்திக் கத்தித் தொண்டை கட்டியவளுக்கு உடன்குடியிலிருந்து வந்த பனங்கற்கண்டு. பெயர் ஸ்டிக்கர் எல்லாவற்றையும் மெஷினில் வெட்டிக் கொடுத்த அண்ணனுக்கும், எழுத்துப் பிழை பார்த்த தமிழ்ப் பள்ளி டீச்சருக்கும் தனியாக நன்றி.

டீச்சருக்கு இன்னொரு நன்றியும் உண்டு. வலது பக்கம் திரும்பச் சொன்னால் இடது பக்கம் திரும்புகிற பிள்ளைக்கு திசைகாட்டி கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது, எல்லோரும் சிரித்தோம். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "நூறு பேர் முன்னாடி அவளோட தப்பைப் பரிசாக் கொடுக்கணுமா?" என்றார். வேடிக்கை விருது என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது இதுதான். யார் கீழே விழுந்தாலும் முதலில் ஓடிப்போய்க் கை கொடுக்கிறவள் அவள்தான் என்று டீச்சரே நினைவுபடுத்தினார். 'முதல் கை' என்று அவளுக்கு விருது.

கடைசியாக அந்தத் தடி. நாம் இருப்பது டாலஸ் பக்கம். லாரன்ஸ் ஹெர்கிமரின் ஊர். ஒரு கால் நீட்டி, ஒரு கால் மடக்கி நம் பிள்ளைகள் குதிக்கிறார்களே 'ஹெர்கி', அது அவர் பெயரில் வந்தது. 1948-இல் டெக்சஸின் ஹன்ட்ஸ்வில்லில் முதல் சியர் முகாம் நடத்தியவர், 1971-இல் கையில் பிடித்து ஆட்டுகிற பாம்-பாமுக்குக் காப்புரிமை வாங்கியவர். 1954-இல் அவர் முகாமுக்கு வந்த ஓர் அணிக்குத் திறமை சுமார், உற்சாகம் மட்டும் அளவில்லாமல் இருந்ததாம். அவர்களுக்கென்று ஒரு மரக்கிளைக்கு வண்ணம் அடித்துக் கொடுத்தார். ஸ்பிரிட் ஸ்டிக் என்று இன்றைக்கும் பல முகாம்களில் அது உண்டு. தரையில் படக் கூடாது என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. இதைக் கேட்ட திருச்சித் தாத்தா, காற்றில் ஒடிந்து விழுந்திருந்த க்ரேப் மிர்ட்டில் மரத்தின் கிளை ஒன்றை எடுத்து, பட்டை உரித்து, உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்து, சிவப்பும் வெள்ளையும் நீலமும் அடித்தார். தரையில் படக் கூடாது என்பதை அவருக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. முருகனுடைய வேல் போல இரண்டு கையாலும் ஏந்தித்தான் ஹாலுக்குள் கொண்டுவந்தார். தடி 17 பேருக்கும் பொது. வாரம் ஒரு வீடு. முதல் வாரம் வாங்கிப்போன பிள்ளை அதற்குத் தலையணை போட்டுப் படுக்க வைத்திருக்கிறாளாம்.

புளியோதரை, தயிர் சாதம் கொடுத்து அனுப்பியவர்கள், நாற்காலி அடுக்கியவர்கள், ஹாலைப் பெருக்கியவர்கள் எல்லோருக்கும் நன்றி. பெயர் போட்டு எழுதினால் யாரையாவது விட்டுவிடுவேன் என்றுதான் போடவில்லை.

பாட்டி, உங்களுக்குப் புது அஞ்சறைப்பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை வருகிறேன். அப்புறம், புளியோதரை வந்த பெரிய எவர்சில்வர் தூக்கு எங்கள் கராஜில் இருக்கிறது, மூடியைக் காணோம். மூடி யார் வீட்டுக்குப் போயிருந்தாலும் ஒரு போன் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீம் மாம்