இருட்டறை இல்லாத இடத்தில்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவின் மூட்டு வலி தேவலையா? நான் பதில் எழுத உட்காரும்போதெல்லாம் இங்கே புது மென்பொருளுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்துவிடுகிறார்கள்.

உங்கள் மருத்துவமனைக்கும் செயற்கை நுண்ணறிவு வரப்போகிறது, குழுவில் உன்னைப் போட்டிருக்கிறார்கள், என்ன கேட்பது என்று எழுதியிருந்தாய். தாய்லாந்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படத்தை வைத்தே கண்டுபிடிக்கும் கூகுளின் கருவி அது. அதற்குப் பாடம் கற்பித்த படங்களில் நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களும் உண்டு. 2016இல் வந்த ஆய்வில் கண் மருத்துவர்களுக்கு ஈடாகத் தேறியது. 2018 கடைசியிலிருந்து பதும் தானி, சியாங் மாய் மாகாணங்களில் 11 மையங்களில் அதன் கதி என்ன என்று கூகுள் ஆய்வாளர்களே நேரில் போய்ப் பார்த்திருக்கிறார்கள். முன்பெல்லாம் முடிவு வர 10 வாரம்கூட ஆகும். கருவிக்கு 10 நிமிடம் போதும் என்பது கணக்கு.

ஆனால் முதல் ஆறு மாதத்தில் 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தெளிவில்லை என்று தள்ளிவிட்டது. விழித்திரைப் படம் தெளிவாக விழ அறை இருட்டாக இருக்க வேண்டும்; அப்படி இருட்டாக்க வசதி இருந்ததே இரண்டு மையங்களில்தான்! படம் தள்ளுபடியானால் நோயாளி இன்னொரு நாள் வேலையை விட்டுவிட்டு வேறிடத்துக் கண் மருத்துவரைத் தேடிப் போக வேண்டும். மங்கலான படம்தான், என்னால் படிக்க முடிகிறதே என்று ஒரு செவிலியர் குறைப்பட்டுக்கொண்டார். வீண் அலைச்சல், ஆய்வில் சேர வேண்டாம் என்று நோயாளிகளிடம் சொன்ன செவிலியர்களும் உண்டு. ஆய்வாளர்கள் இதையெல்லாம் மறைக்காமல் எழுதினார்கள். எங்கள் இடமாக இருந்தால் அந்தச் செவிலியருக்கு மெமோ போயிருக்கும்.

மிகைப்படுத்தவில்லை. போன மாதம் எங்கள் வார்டில் புது மென்பொருளின் திரை ஒரு நோயாளியை 'ஆபத்தில்லை' என்று காட்டியது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்திக்கு, அவர் கையைத் தொட்டதுமே சந்தேகம். திரையில் மறுத்து எழுதினால் விளக்கம் கேட்பார்கள் என்று பயந்து, துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் வைத்திருந்தாள். ஷிப்ட் முடிந்து கிளம்பும்போதுதான் என்னிடம் நீட்டினாள். நல்லவேளை, நேரம் இருந்தது. சீட்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது.

கருவியின் துல்லியம் எத்தனை சதவீதம் என்று குழுவில் எல்லோரும் கேட்பார்கள். நீ உங்கள் நிர்வாகத்திடம் கேள்: இரவு இரண்டு மணிக்குக் கருவி சொல்வது தவறு என்று ஒரு செவிலியருக்குத் தோன்றினால் அவள் யாரை எழுப்புவாள்? என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அம்மாவுக்குத் தைலம் அனுப்பியிருந்தேனே, வந்ததா?

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழி